கூண்டில் ஏறியதற்கு இரண்டு படி

என் கணவரின் அக்கா வெர்டா அண்ணி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியதே இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வருவார். தண்டனை அறிவிக்கும் நாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் வந்தார். பின்னால் எங்கள் சர்ச்சின் பாஸ்டர் எஸ்டில், தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி. அண்ணியின் கணவன் டென்சில் உள்ளே வரவில்லை. முற்றத்தில் வண்டியிலேயே உட்கார்ந்து எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தான். என் கணவர் கிளெல் ரட்டுக்கு எதிராகச் சாட்சி சொல்லி அவரைக் குற்றவாளியாக்கியவன் அவன்தான்.

அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை. மேசை முன் உட்கார்ந்திருந்த தம்பியின் தோளில் கை வைத்தார்.

"கிளெல், நான் சொல்றதக் கேளு. திங்கக்கிழமை ஜட்ஜ் முன்னாடி மனசு உடைஞ்சு நில்லு. 'கூண்டுல ஏறிப் பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுடுங்க'ன்னு சொல்லிடு. அந்த ஜட்ஜ் அவரோட சர்ச்சுல மூப்பராம். பாஸ்டர் விசாரிச்சுட்டாரு. அந்த மாதிரி மனுஷன் இளகிடுவாரு."

"எந்தப் பொய்ய அண்ணி?" என்றேன்.

"நான் உன்கிட்டப் பேசல."

"என் அடுப்புப் பக்கத்துல நின்னு பேசறீங்க. எனக்கும் காது கேக்குது."

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "சகோதரி, யாருமே முழு நீதிமான் இல்ல..."

"அது சரி பாஸ்டர். வெளிய வண்டில ஒருத்தர் குந்தியிருக்காரே, அவரையும் கூப்பிட்டுச் சொல்லுங்க. பெட்ரோலாவது மிச்சமாகும்."

அண்ணியின் முகம் சிவந்தது. "கேட்டியாடா கிளெல், உம் பொண்டாட்டி வாய? இந்த வாயாலதான் நீ ஜெயிலுக்குப் போற."

கிளெல் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவர் சுபாவம் அது. இரண்டு பேர் சண்டை போட்டால், இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று பார்க்கிறவர்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கென்டக்கியில் எங்கள் பக்கத்தில் புகையிலைதான் பயிர். டார்ல்டன் என்ற பெரியவரின் ஓடையோர நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நாங்கள் பயிர் செய்கிறோம். நாங்கள் குடியிருக்கும் வீடும் அந்த நிலத்தோடு சேர்ந்ததுதான். இரண்டு கோடைக்கு முன் ஆகஸ்டு முழுவதும் மழை கொட்டியது. நீலப் பூஞ்சை விழுந்து வயல் மொத்தமும் அழுகிப்போனது. அந்த நாற்றம் எங்கள் தலையணையில் கூட இருந்தது. பயிர்க் காப்பீட்டு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதும் நான்தான் டிராக்டரை ஓட்டி எல்லாவற்றையும் உழுது மண்ணில் மூடினேன்.

அந்தக் குளிர்காலத்தில் டென்சில் ஏலக் கிடங்குக்குப் புகையிலையைச் சிப்பம் சிப்பமாகக் கொண்டுபோய் விற்றான். அவனுடைய குன்று நிலம் அதில் பாதியைக் கூட விளைவிக்காது. மத்திய அரசு அதிகாரிகள் வந்து, மிச்சம் யாருடையது என்று கேட்டார்கள். அது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவனுடையது. அந்த ஆளின் பெயரைச் சொல்ல டென்சிலுக்குப் பயம். மச்சான் பெயரைச் சொல்லப் பயமில்லை. "கிளெலோட இலை. அழுகிப்போச்சுன்னு இன்சூரன்சுல சொல்லிட்டு என் பேர்ல வித்தான்" என்றான். கேட்கிறவர்களுக்குப் பொருந்தத்தானே செய்யும்? காப்பீட்டுப் பணம் வாங்கியவன், அவனுடைய சொந்த அக்கா புருஷன், கணக்கில் வராத சிப்பம்.

டென்சில் அரசு வக்கீலோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டான். ஒப்புக்கொண்டு சாட்சி சொன்னால் சிறை இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும். கிளெலுக்கும் அதே மாதிரி ஒன்றை நீட்டினார்கள். செய்யாததை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். வக்கீல் புரூயிட் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் சாட்சிக் கூண்டில் ஏறினார். பைபிள்மேல் கை வைத்து, "என் வயல்ல ஒரு இலை மிஞ்சல. டென்சில் பேர்ல நான் எதையும் விக்கல" என்றார். நானும் ஏறிச் சொன்னேன். மனைவி அப்படித்தான் சொல்வாள் என்று என்னை விட்டுவிட்டார்கள். ஜூரி அவரைக் குற்றவாளி என்றது.

அதோடு முடிந்திருந்தால் ஒரு வருஷச் சிறை. ஆனால் தண்டனைக்கு முன் ஒரு அறிக்கை தயாரிப்பார்கள். நன்னடத்தை அலுவலகத்திலிருந்து ஒரு இளம் பெண் வந்தாள். எங்கள் வீட்டில் காபி குடித்தாள், நாயைத் தடவிக்கொடுத்தாள், போய் எழுதினாள்: ஜூரி இவரைக் குற்றவாளி என்று முடிவு செய்திருப்பதால், இவர் சத்தியம் செய்து சொன்னது பொய், ஆகவே தண்டனை அட்டவணையில் இரண்டு படி ஏற்ற வேண்டும்.

புரூயிட்டின் அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்டேன். "பொய் சொன்னதுக்குத் தனியா ஒரு கேஸ், தனியா ஒரு ஜூரி கிடையாதா?"

"கிடையாதும்மா. ஜட்ஜே முடிவு பண்ணலாம்."

"கூண்டுல ஏறாம இருந்திருந்தா?"

"இந்த ரெண்டு படி வந்திருக்காது."

"அப்ப, நான் செய்யலன்னு வாயத் தொறந்து சொன்னதுக்குத் தண்டனை."

"அப்படி யாரும் எழுத மாட்டாங்க" என்றார். நேர்மையான மனுஷர்தான். அதனாலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டு படி ஏறினால் ஒரு வருஷம் என்பது ஏறக்குறைய இரண்டாகும். டார்ல்டன் எங்களிடம் சொல்லியிருந்தார்: "ஒரே ஒரு நடவுக்காலம் நெலத்தப் புல்லுக்கு விட்டுட்டுக் காத்திருப்பேன். அதுக்கு மேல என்னால முடியாது." ஒரு வருஷமானால் கிளெல் திரும்பி வரும்போது நிலமும் வீடும் இருக்கும். இரண்டு என்றால் இரண்டுமே இருக்காது. இவ்வளவுதான் விஷயம்.

புரூயிட் ஒரு வழி வைத்திருந்தார். தெரிந்தே சொன்ன பொய்க்குத்தான் இரண்டு படி; குழப்பத்தில், மறதியில் தப்பாகச் சொன்னால் கிடையாது. "மழைக்காலம், வேலை நெருக்கடி, ரெண்டு வருஷம் ஆயிப்போச்சு, நினைவு கலங்கிப்போச்சுன்னு நான் வாதாடறேன். நீங்க நன்றி சொல்லிட்டு உக்காந்துடுங்க. வேற ஒரு வார்த்தையும் வேண்டாம்."

அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எந்த வரப்பில் எந்த வருஷம் என்ன நட்டோம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவரை மூளை கலங்கியவர் என்று சொல்ல வேண்டும். ஆனாலும் நிலத்தை நினைத்துச் சரி என்றேன். கிளெலும் சரி என்றார்.

அண்ணியும் பாஸ்டரும் வந்தது இதற்குப் பிறகுதான். அவர்களை அனுப்பிவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் யாரை அனுப்ப முடியும்?

எங்கள் சர்ச்சில் ஆராதனை முடிகிற நேரம் கடைசிப் பாட்டைப் பாடிக்கொண்டே இருப்பார்கள். மனசில் பாரம் உள்ளவர்கள் எழுந்து முன்னால் போய் முழங்கால் போடலாம். போனால் மற்றவர்கள் பின்னாலேயே வந்து தோளில், முதுகில் கை வைப்பார்கள், சேர்ந்து அழுவார்கள். எழுந்திருக்கும்போது ஆளாளுக்குக் கட்டிக்கொள்வார்கள். என்ன செய்தாய் என்று அதற்கப்புறம் யாரும் கேட்பதில்லை. பெண்டாட்டியை அடித்தவனும் அங்கே முழங்கால் போட்டிருக்கிறான், சர்ச் உண்டியலில் கை வைத்தவனும் போட்டிருக்கிறான். இரண்டு பேருக்கும் மத்தியானச் சர்ச் சாப்பாட்டில் பன்றி ஹாமும் பீன்ஸும் மற்றவர்களைப் போலத்தான் பரிமாறினார்கள்.

அன்றைக்கு அந்தப் பாட்டைப் பாஸ்டர் நிறுத்தவேயில்லை. கிளெல் எழுந்து போனார். முதலில் பின்னால் போனது வெர்டா அண்ணி. அப்புறம் டென்சில். அவன் கையை என் புருஷன் முதுகில் வைத்ததை நான் பெஞ்சில் உட்கார்ந்தபடி பார்த்தேன்.

வீட்டுக்கு வரும்போது வண்டியில் கிளெல் சொன்னார்: "மனசு லேசா இருக்கு."

"எத எறக்கி வச்சீங்க?"

"டென்சில் அத்தான் அழுதாரு, ஒர்லீனா."

"அழட்டும். அவன் கண்ணுல தண்ணி வந்தா நம்ம வயல்ல வெளஞ்சுடுமா?"

கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகச் சொன்னார். "நான் இப்படியே பிடிவாதம் பிடிச்சு அப்பீலுக்குப் போனா அத்தானத் திரும்பக் கூப்பிட்டுத் துருவுவாங்களாம். அவர் பொய் சொன்னாருன்னு ஆயிட்டா அந்த ஒப்பந்தம் போயிடுமாம். அக்கா தனியா நிப்பாளாம்."

"ஓ. அதான் உங்க அக்காவுக்கு உங்க ஆத்துமா மேல இவ்வளவு அக்கறை."

"அப்படிப் பேசாத."

"நாளைக்கு வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லுங்க. நன்றி சொல்லிட்டு உக்காந்துடுவேன்னு சொல்லுங்க."

"நன்றி சொல்லிட்டு உக்காந்துடுவேன்" என்றார்.

திங்கட்கிழமை நகரத்துக்குப் போனோம். வாசலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். என் கொண்டை ஊசி கூடச் சோதனை இயந்திரத்தைக் கத்த வைத்தது. எங்களுக்கு முன்னாலேயே சர்ச் ஆட்கள் வந்து இரண்டு பெஞ்சுகளை நிரப்பியிருந்தார்கள். நடுவில் வெர்டா அண்ணி, ஓரத்தில் டென்சில். தப்பிக்க வசதியான இடமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தான்.

நீதிபதி ஒல்லியான மனுஷர். ஜலதோஷம் பிடித்து, பேச்சுக்கு நடுவே கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். புரூயிட் நன்றாகவே பேசினார். அழுகிய வயல், காப்பீட்டு ஆள், கோர்ட்டையே பார்த்திராத ஒரு விவசாயி, தேதிகளை அடுக்கி அடுக்கிக் கேட்ட குறுக்கு விசாரணை. அரசு வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருந்தான், ஆனால் நாக்கு பழையது. "இவர் தடுமாறவே இல்ல அய்யா. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். குழம்பினவன் பேசற பேச்சு அது இல்ல" என்றான். உண்மையைச் சொல்கிறவனும் அப்படித்தானடா பேசுவான் என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார். "அந்த விசாரணைக்கு நானும்தான் உக்காந்திருந்தேன். ஜூரி இன்னொருத்தர நம்பினாங்க. அது அவங்க வேலை. அதனாலயே இவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் திட்டமிட்ட பொய்ன்னு நான் எடுத்துக்கணும்னு இல்ல. அந்த ரெண்டு படிய ஏத்த எனக்கு இப்போதைக்கு மனசு வரல."

புரூயிட்டின் முதுகு தளர்வதைப் பின்னாலிருந்து பார்த்தேன். ஓடையோர வயல் என் கண்முன் வந்து நின்றது.

"தண்டனைய அறிவிக்கறதுக்கு முன்னாடி, சட்டப்படி நீங்க ஏதாவது சொல்லலாம், மிஸ்டர் ரட்" என்றார் நீதிபதி.

கிளெல் எழுந்தார். "ரொம்ப நன்றிங்கய்யா" என்றார்.

உட்கார வேண்டியதுதான். உட்காரவில்லை. திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்திருந்தால் உட்கார்ந்திருப்பார். அவர் பார்த்தது அந்த இரண்டு பெஞ்சுகளை. வெர்டா அண்ணி இரண்டு கையையும் கோத்து மோவாயில் வைத்திருந்தார், கண் நிறையத் தண்ணீர்.

"அய்யா, என் மனசுல ஒரு பாரம் இருக்கு" என்றார் கிளெல்.

புரூயிட் அவருடைய கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். கிளெல் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

"அந்தக் கூண்டுல ஏறி, பைபிள் மேல கை வச்சு, நான் பொய் சொல்லிட்டேன். என் அத்தான் சொன்னதுதான் நெசம். அவரையும் என் குடும்பத்தையும் தலகுனிய வச்சுட்டேன். மன்னிக்கணும்."

நீதிபதி கைக்குட்டையைக் கீழே வைத்தார். "மெதுவா சொல்லுங்க மிஸ்டர் ரட். இந்தக் கோர்ட்டுல சத்தியம் பண்ணிட்டுச் சொன்னது பொய்ங்கறீங்க?"

"ஆமாங்கய்யா."

"அய்யா, என் கட்சிக்காரர் இப்ப இருக்கற நிலைமையில..." என்று எழுந்தார் புரூயிட்.

"நீங்க உக்காருங்க. மிஸ்டர் ரட், சொல்லும்போதே பொய்ன்னு உங்களுக்குத் தெரியுமா? மறதி, குழப்பம், அப்படி எதுவும் இல்லையே?"

"இல்லீங்கய்யா. தெரிஞ்சேதான் சொன்னேன்."

பின் பெஞ்சிலிருந்து யாரோ "ஆமென்" என்றார்கள்.

நீதிபதி கிளெலைப் பார்த்தார். கோபமில்லை, கொஞ்சம் வருத்தம்கூட இருந்த மாதிரி தெரிந்தது. "உங்க நேர்மைக்கு நன்றி. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அத நீங்களே தீத்துட்டீங்க" என்றார். இரண்டு படியையும் ஏற்றினார். தண்டனை மாதங்களைப் படித்தார்; கூட்டினால் ஏறக்குறைய இரண்டு வருஷம். ஏப்ரலில் தானாகவே சிறை வாசலில் போய் ஆஜராக வேண்டும் என்றார்.

கிளெல் நின்றுகொண்டே இருந்தார். கைகள் லேசாக விரிந்திருந்தன. யாராவது பக்கத்தில் வந்து தோளைத் தொடுவார்கள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. கோர்ட்டுக் காவலர்தான் வந்தார். "உக்காருங்க சார்" என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் புரூயிட் காகிதங்களைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். "தோத்துப் போன கேஸ் நெறையப் பாத்திருக்கேன். கையில வந்துட்ட கேஸ எழுந்து நின்னு திருப்பிக் குடுத்த ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். "அப்பீல்னு இனிமே வாயத் தொறக்க முடியாது."

வெர்டா அண்ணி தம்பியைக் கட்டிக்கொண்டு விசும்பினார். சர்ச் ஆட்கள் சுற்றி நின்று முதுகைத் தட்டினார்கள். கிளெலுக்குக் கிடைக்க வேண்டியது தாழ்வாரத்தில் கிடைத்துக்கொண்டிருந்தது. நான் நேராக டென்சிலிடம் போனேன்.

"எத்தன சிப்பம்?"

"என்னது?"

"எங்க வயல்லேருந்து உங்க பேர்ல வித்தது எத்தன சிப்பம்? அவரு ஒத்துக்கிட்டாரே. உங்களுக்குத் தெரியாம இருக்காதே. சொல்லுங்க."

"ஒர்லீனா, இது எடமில்ல..."

"கோர்ட்டு எடமில்லையா? வேற எங்க கேக்கணும், ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிக் கேக்கவா?"

அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. லிப்ட் பொத்தானை அழுத்தினான். வரவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினான்.

"வாய மூடுடி!" என்று அண்ணி தம்பியை விட்டுவிட்டு ஓடி வந்தார். "அவன் பாவத்த அவன் தேவன்கிட்டச் சொல்லிட்டான். உனக்கு என்ன எரியுது?"

"தேவன்கிட்டச் சொல்லல அண்ணி. ஜட்ஜ்கிட்டச் சொன்னாரு. தேவன் மாசக் கணக்குப் போட மாட்டாரு."

லிப்ட் வந்தது. டென்சில் மனைவிக்குக் கூடக் காத்திருக்காமல் இறங்கிப் போனான்.

கிளெலை ஏற்றிக்கொண்டு நான் வண்டியை ஓட்டினேன். எங்கள் ஓடைப் பாலம் தாண்டியதும், "நான் நெனச்சேன்..." என்று ஆரம்பித்தார்.

"என்ன நெனச்சீங்க? அந்த மனுஷன் மேடைய விட்டு எறங்கி வந்து கட்டிப்பாருன்னா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதையேதான் நினைத்திருக்கிறார்.

மறுநாள் காலை நான் தனியாக டார்ல்டனைப் பார்க்கப் போனேன். மாட்டுக் கொட்டிலில் வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கவைக்கோலைச் சுவரில் சாய்த்தார்.

"தானே ஒத்துக்கிட்டானாமே" என்றார். எங்கள் ஊரில் செய்திக்குக் காலை வரை பொறுமை கிடையாது.

"ஒத்துக்கிட்டாரு."

"நான் எதுக்கு ஒரு வருஷம் நெலத்தப் புல்லுக்கு விடறேன்னு சொன்னேன்? அவன் செய்யலன்னு நம்பினதால. உனக்கு வயசாயிடுச்சு, ஏமாந்துட்டன்னு ஊர்ல எல்லாரும் என் மூஞ்சிக்கு நேரே சொன்னாங்க."

"அவரு செய்யல."

"அப்ப நேத்து பொய் சொன்னானா?"

"ஆமா."

"ஜட்ஜ் முன்னாடி?"

"ஆமா."

"அப்புறம் என்ன? பொய்க்குத்தான ரெண்டு படி. சரியாத்தான போட்டிருக்காங்க."

இதைவிடப் பொருத்தமாக எந்த எதிரியும் சொல்லியிருக்க முடியாது. அதுவும் இவர் எங்கள் பக்கம் நின்ற ஒரே மனுஷர்.

"நெலத்த எனக்குக் குடுங்க" என்றேன்.

"நீ தனியாவா?"

"அழுகின வயல உழுது மூடினது யாரு?"

"நீதான்னு கோர்ட்டுல சொன்ன."

"சொன்னேன். நீங்க நம்பினீங்களா?"

கழுத்தைச் சொறிந்துகொண்டே ஒரு மாட்டைப் பார்த்தார், இன்னொரு மாட்டைப் பார்த்தார். "உன்ன நம்பினேன். உன்ன நம்பினதாலதான் அவனையும் நம்பினேன்."

"அப்ப என் பேர்ல எழுதுங்க."

"எழுதறேன். இந்த வருஷத்துக்கு மட்டும். ஒழுங்கா பண்ணினா அடுத்த வருஷம் பாக்கலாம். ஆனா அவன் பேரு காகிதத்துல வரக்கூடாது. வெளிய வந்தப்புறமும் வரக்கூடாது. தன்னயே காட்டிக் குடுக்கறவன நான் எப்படி நம்பறது? அப்புறம், அந்த டென்சில் என் வரப்புல கால் வைக்கக்கூடாது."

"கடைசி விஷயத்த நீங்க எழுத வேண்டாம். நானே பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்தபோது கிளெல் சமையலறையில் ஆறிப்போன பீன்ஸைச் சோள ரொட்டியோடு தின்றுகொண்டிருந்தார். சொன்னேன். முழுதும் சொன்னேன்.

"என் பேரு இல்லவே இல்லையா?"

"இல்ல."

"நான் திரும்பி வந்தா?"

"கூலி குடுக்கறேன்."

"ஒர்லீனா..." கரண்டியைக் கீழே வைத்தார். "அக்கா தனியா நிப்பாளேன்னு பாத்தேன். நீ கெட்டிக்காரி. நீ எப்படியும் சமாளிச்சுப்பன்னு நெனச்சேன்."

"நீ நெனச்சது சரிதான்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் நீ என்று கூப்பிட்டதில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். "சமாளிச்சுப்பேன். உன் அக்காவும் வீட்டுல புருஷனோட சாப்பிடுவா. ஊருக்கு நீ திருடன். டென்சில விட்டா, நீ திருடன் இல்லன்னு தெரிஞ்சவ நான் ஒருத்திதான். அதனாலதான் எனக்கு உன்னப் பாக்கவே முடியல."

கொட்டகைக்குப் போனேன். நாற்றுத் தட்டுகள் போன வருஷத்து மண் காய்ந்து அடுக்கிக் கிடந்தன. விதை போடுவதற்குள் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். குழாயைத் திறந்தேன். தண்ணீர் விரலை அறுத்தது. கொஞ்ச நேரத்தில் கிளெல் பின்னாலேயே வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு தட்டை எடுத்துத் தண்ணீரில் பிடித்தார்.

"அத வை" என்றேன்.

"ரெண்டு பேரா செஞ்சா சீக்கிரம் முடியும்."

"வைன்னு சொன்னேன்."

வைத்துவிட்டார். அப்புறம் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். நான் அடுத்த தட்டை எடுத்தேன்.